ஒரு டப்பா பிரேக் கிளீனர் கெடுத்த ஒரு டிரம் ஆயில்

பட்டறையின் கழிவு ஆயில் ஆலைக்குப் போய்ச் சேர்ந்ததற்கான கடைசிச் சீட்டு போன வாரம்தான் கைக்கு வந்தது. அதைக் கோப்பில் குத்தி வைத்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். என்னைப் போல சின்னதாக வண்டிப் பட்டறை நடத்துபவர்கள் யாராவது கழிவு அனுமதியைப் புதுப்பிக்கக் கிளம்புவதாக இருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

விண்ணப்பம், உரிம நகல், வரைபடம் எல்லாம் சுலபமாக முடிந்தன. முதல் அடி ஒரு சின்னக் கட்டத்தில் விழுந்தது. 'ஆண்டுக் கழிவு அளவு' என்று கேட்டிருந்தார்கள். எங்களுக்கு வருஷத்துக்கு இரண்டு டிரம் பழைய ஆயில் சேரும். ஒரு டிரம் 200 லிட்டர் என்பதால் 400 என்று எழுதிவிட்டேன். அரை நாள் காத்திருந்து கவுண்டருக்குப் போனால், "கிலோவில் எழுதணும், தெரியாதா?" என்று படிவம் திரும்பி வந்தது. தலைப்பின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், கிலோ என்று இருந்தது உண்மைதான். அங்கேயே திருத்தித் தருகிறேன் என்றேன். அடித்தல் திருத்தல் இருந்தால் வாங்க மாட்டார்களாம். புதுப் படிவம் கேட்டால் தீர்ந்துவிட்டதாம். அன்றைய பிழைப்பு அதோடு போச்சு. உங்களுக்காவது இந்தக் கணக்கு உதவட்டும்: ஆயில் தண்ணீரைவிட லேசு, லிட்டருக்கு ஏறக்குறைய 0.9 கிலோ வரும். 400 லிட்டர் என்றால் 360 கிலோ. போகும்போது வெற்றுப் படிவம் இரண்டு கூடுதலாக எடுத்துப் போங்கள்.

அப்புறம் ஆய்வு. இதற்கு நான் நன்றாகவே தயாராக இருந்தேன். டிரம் உடைந்தால் ஆயில் வெளியே ஓடாமல் இருக்கச் சுற்றிலும் தடுப்புத் தொட்டி வேண்டும். பெரிய டிரம்மின் கொள்ளளவில் 110 சதவீதம் தாங்கினால் போதும் என்பது பல இடங்களில் பின்பற்றும் அளவு. 200 லிட்டருக்கு 220. நான் 1.5 மீட்டர் நீளம், 1.2 அகலம், 0.2 உயரத்தில் கட்டியிருந்தேன். மொத்தம் 360 லிட்டர் பிடிக்கும். டிரம்கள் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தாலும் தாராளம். ஆய்வாளர் டேப் வைத்து அளந்து தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

"இந்த டிரம்மில் என்ன இருக்கு?"

"பழைய ஆயில் சார்."

"வேற?"

நான் வாய் திறப்பதற்குள் எங்கள் பட்டறைப் பையன் முந்திக்கொண்டான். "பிரேக் கிளீனர் மிச்சம் இருந்தா அதையும் இதிலதான் ஊத்துவோம் சார்." அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஊற்றாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது.

பிரேக் பாகங்களின் பிசுக்கை எடுக்கும் இந்தக் கிளீனர்கள் எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கிறது. சுத்தமான பழைய ஆயிலை வடித்து மறுபடி ஆயிலாக்கலாம், எரிபொருளாகவும் போகும். குளோரின் சேர்ந்துவிட்டால் அது இயந்திரத்தை அரிக்கும், எரித்தால் நச்சுப் புகை வரும். அதனால் முழு டிரம்மையும் சாதாரணப் பழைய ஆயிலாக எடுக்க மாட்டார்கள். ஒரு டப்பா மிச்சம் போதும். டப்பாவுக்கான பாதுகாப்புத் தரவுத் தாளை நான் பிரித்துப் பார்த்ததே இல்லை. அதில் 16 பகுதிகள் உண்டு. மூன்றாவதில் என்ன கலந்திருக்கிறது என்றும், பதின்மூன்றாவதில் எப்படி அப்புறப்படுத்துவது என்றும் இருக்கும். எங்கள் டப்பாவின் தாளில் மூன்றாம் பகுதியிலேயே டெட்ராகுளோரோஎத்திலீன் என்று இருந்தது, குளோரின் கலந்த கரைப்பான்தான் அது. கடையில் வாங்கும்போதே இந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

வழக்கமாக ஆயில் எடுப்பவர் சோதித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். இன்னொருவர் எடுக்கத் தயார் என்றார், சந்தோஷமாக டிரம்மை உருட்டி வாசலுக்குக் கொண்டுவந்தோம். ஏதோ தோன்றி அவருடைய அனுமதிச் சீட்டைக் கேட்டேன். காலாவதியாகி இரண்டு வாரம். "அதெல்லாம் வந்துடும் அண்ணே, ஏத்துங்க" என்கிறார்! அவர் அதை எங்காவது ஓடையில் கொட்டினால், தேடி வருவது என்னை. டிரம்மைத் திரும்ப உள்ளே உருட்டினோம். அன்று யாரும் என்னைப் பாராட்டவில்லை, ஆனால் இந்த மொத்தக் கதையிலும் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

மூன்றாவது ஆள் சரியாக வந்தார், எடுத்துப் போனார். வேலை முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. லாரி கிளம்பும்போது கையெழுத்தாகும் சீட்டு வெறும் பாதிதான். டிரம் போய்ச் சேர்ந்த ஆலை கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும் பிரதி வரும்வரை அந்தக் கழிவு நம் தலையில்தான். வாரக்கணக்கில் வரவில்லை. ஏற்றிப் போனவர் ஆலையைக் கேள் என்றார், ஆலையில் ஏற்றிப் போனவரைக் கேள் என்றார்கள். கடைசியில் நான் பேசிய தேதி, நேரம், எதிரில் பேசியவர் சொன்னது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அதையே கடிதமாக இருவருக்கும் அனுப்பினேன். மூன்றே நாளில் பிரதி வந்துவிட்டது.

ஆயிலுக்கும் கிளீனர் மிச்சத்துக்கும் இப்போது தனித்தனி டிரம். ஒன்றில் 'ஆயில் மட்டும்' என்று பையனே பெரிதாகப் பெயின்டில் எழுதியிருக்கிறான்.

வந்த பிரதியில் பெற்ற எடை 174 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். நான் எழுதியது 180. அந்த ஆறு கிலோ எங்கே என்று கேட்டு இன்னும் யாரும் கூப்பிடவில்லை.