எட்டுப் பேருக்கான தேர்தல்

தென் அட்லாண்டிக் கடலில், பிரிட்டன் ஆட்சியின் கீழ் இருக்கும் ஃபாக்லாந்து தீவுகளின் பொதுத்தேர்தல் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மொத்த மக்கள்தொகையே 3,500 சொச்சம்தான். நம் ஊரில் ஒரு பெரிய கிராமம் அளவு. சட்டமன்றத்துக்கு எட்டுப் பேர்: தலைநகர் ஸ்டான்லியிலிருந்து 5, அதற்கு வெளியே பரந்து கிடக்கும் கேம்ப் பகுதியிலிருந்து 3. கட்சி கிடையாது, சின்னம் கிடையாது, எல்லோரும் சுயேச்சைகள். ஸ்டான்லி வாக்காளர் ஒருவர் ஐந்து வேட்பாளர்கள் வரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம்.

கேம்ப் என்பது ஆட்டுப் பண்ணைகள்தான். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே மைல் கணக்கில் காற்றும் புல்வெளியும். அங்கே வாக்குப்பெட்டியே வாக்காளரைத் தேடிப் போகிறது, குட்டி விமானத்திலும் லேண்ட் ரோவரிலும். விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டுகளுக்காக ஒரு விமானம்! இதை வீண்செலவு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே வருவேன்.

மக்களில் பெரும்பாலோர் ஸ்டான்லியில் இருக்க, கேம்புக்கு மட்டும் மூன்று இடம் நியாயமா என்ற கேள்வியும் உண்டு. தீவு முழுவதையும் ஒரே தொகுதியாக்கலாமா என்று 2001, 2011, 2020 என மூன்று முறை மக்களிடமே கேட்டார்கள். மூன்று முறையும் வேண்டாம் என்றுதான் பதில் வந்தது. என்னைக் கேட்டால் அதுதான் சரி. சாலையும் படகும் ஸ்டான்லிக்காரருக்கு வசதி, பண்ணைக்காரருக்கோ அதுதான் பிழைப்பு.

பாதுகாப்பும் வெளியுறவும் பிரிட்டன் கையில். மற்ற உள்விவகாரங்களை இந்த எட்டுப் பேர்தான் பார்க்க வேண்டும். ஓட்டுப் போட்டவர் மறுநாளே கடையில் எதிரே வந்து நிற்பார், கேள்வியோடு.