வான் பாயுது

மச்சான் ரொறன்ரோவில் மோட்டார் ஹோம் வைத்திருக்கிறான். கட்டில், குசினி, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே உள்ள வாகனம். மார்கழி லீவுக்கு மகனோடு கிளிநொச்சிக்கு வருவதாகச் சொன்னவன், "அத்தான், உங்கட வானை அப்பிடி மாத்தி வையுங்கோ, நாலு நாள் வன்னி முழுக்கச் சுத்துவம்" என்றான். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல்.

அது குளிர்காலப் பயணத்துக்கு அவன் அங்கே தன் வாகனத்தை ஆயத்தப்படுத்தும் பட்டியல். ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பிவிட்டான். தண்ணீர்க் குழாய்களை வெறுமையாக்கி, உறையாமல் இருக்க ரோஸ் நிறத் திரவம் விட வேண்டுமாம். பியூட்டேன் காஸ் கூடாது, பூச்சியப் பாகையில் அது ஆவியாகாமல் சிலிண்டருக்குள்ளேயே படுத்துவிடும். புரொப்பேன் என்றால் மைனஸ் 42 வரை தாங்கும். இங்கே மார்கழி விடியப்புறத்தில் 22 பாகை இருக்கும். அதற்கே ஊர் முழுக்கக் காதைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டு திரிகிறது.

என் வானில் உள்ள ஒரே தண்ணீர்க் குழாய் வைப்பருக்குத் தண்ணீர் அடிப்பது. அதுவும் மூன்று வருடமாக அடிப்பதில்லை. ஏற்கெனவே உறைந்துவிட்டது என்று மச்சானுக்குப் பதில் போட்டேன்.

பின் சீற்றுகளைக் கழற்றிப் பலகை அடித்து மெத்தை போட்டேன். அரிசி, பருப்பு, காஸ் அடுப்பு, சட்டி பானை, நுளம்பு வலை, தறப்பாள் என்று கையில் கிடைத்த வரிசையில் ஏற்றினேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தறப்பாளுக்குக் கீழ கிடந்து கிடந்து அலுத்துத்தானேடா இந்த வீட்டைக் கட்டினது. இப்ப டீசல் அடிச்சுத் திரும்ப அங்க போறியளோ?"

பதில் வரவில்லை எனக்கு. 2008 கடைசியில், யுத்தம் நெருங்க, உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத் தகரத்திலிருந்து அம்மிக்கல் வரை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு என்று இடத்துக்கு இடம் இறக்கி ஏற்றிய மனுஷி. மோட்டார் ஹோம் என்றால் உண்மையில் அதுதான், பின்னால் வீடே வந்தது. ஆனால் அவரால் சும்மா நிற்க முடிந்தால்தானே? முழுவதையும் கீழே இறக்கச் சொன்னார்.

"இருட்டில முதல் தேடுறது என்ன? டோர்ச்சும் நுளம்பு வலையும். அதைக் கொண்டுபோய் அரிசிக்குக் கீழ வைச்சிருக்கிறாய். முதல் இறங்கவேண்டியது கடைசியாத்தான் ஏற வேணும்."

நெருப்புப்பெட்டி ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போனது. காஸ் முடிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டு, காய்ந்த பொச்சுமட்டையைப் பொலித்தீனில் சுற்றி ஆசனத்துக்குக் கீழே செருகினார். தறப்பாளை முற்றத்தில் கட்டிக் காட்டச் சொன்னார். நான் நாலு மூலையையும் ஒரே உயரத்தில் இழுத்துக் கட்டி, நல்ல பிள்ளையாகப் பக்கத்தில் நின்றேன். வாளித் தண்ணீரை மேலே ஊற்றினார். நடுவில் தொப்பை விழுந்தது. "ஒரு மூலையைத் தாழ்த்தடா, தண்ணி போற வழியைக் காட்டு" என்றார். ஐம்பது வயதில் செய்முறைப் பரீட்சையில் பெயில்.

மச்சான் வந்து சேர்ந்தான். திட்டமும் போட்டாயிற்று. முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கி, மாங்குளத்தால் திரும்பி ஒட்டுசுட்டான், அப்புறம் முல்லைத்தீவுக் கடற்கரை. நெடுங்கேணிப் பக்கம் இரவு தங்குவதை நானே வெட்டிவிட்டேன். அங்கே யானை வந்து கதவைத் தட்டினால் திறப்பது யார்?

வெளிக்கிடும் நாள் காலையில், இரண்டு நாள் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டு அண்ணை சைக்கிளை நிறுத்தாமலே கத்திக்கொண்டு போனார்.

"கனகாம்பிகைக்குளம் வான் பாயுதாம்! இரணைமடு வான்கதவும் திறந்தாச்சாம்!"

மருமகன் வெறுங்காலோடு முற்றத்துக்கு ஓடி வானைச் சுற்றி வந்தான். "மாமா, வான் இங்கதான் நிக்குது. கதவும் பூட்டித்தான் இருக்கு!"

குளம் நிரம்பி மேலதிக நீர் வழிந்தோடும் இடத்துக்கும் வான் என்றுதான் பெயர் என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. அவன் அப்பனும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். 2018 டிசம்பர் வெள்ளத்தை நினைவுபடுத்தி, பயணத்தை அம்மா ஒரே சொல்லில் நிறுத்திவிட்டார்.

கட்டிய மெத்தையை என்ன செய்வது? அன்று இரவு மூவரும் முற்றத்தில் நின்ற வானுக்குள்ளேயே படுத்தோம். அம்மா கண்ணாடியை இரண்டு விரலுக்கு இறக்கி விடச் சொன்னார். நுளம்பு வரும் என்று மச்சான் இறுக்கி ஏற்றிவிட்டான். ஒரு மணிக்கு நெற்றியில் சொட்டென்று விழ, "அத்தான், கூரை ஒழுகுது!" என்று எழும்பினான். டோர்ச் அடித்துப் பார்த்தோம். கூரையில் ஓட்டை இல்லை. கண்ணாடியெல்லாம் வியர்த்து வடிந்துகொண்டிருந்தது, மூன்று பேரின் மூச்சு. எனக்கு ஏதோ பொறி தட்ட, போனை எடுத்து அவன் அனுப்பிய பட்டியலின் கடைசி வரியை வாசித்துக் காட்டினேன்: "எவ்வளவு குளிரானாலும் காற்றுத் துவாரத்தைக் கொஞ்சம் திறந்து வைக்கவும்." அவன் மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

விடிய, அம்மா ஒரு கையில் குடையும் மறு கையில் பிளேன்ரீக் கேத்திலுமாக வந்து கண்ணாடியில் தட்டினார்.

"இப்ப எந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறியள்?"

மச்சான் பதில் சொல்லவில்லை. குடையை வாங்கிக்கொண்டு வீட்டுக் கக்கூசுக்கு ஓடினான்.