அழுதைக் கரை: பெரியபாதையின் பாதி

சபரிமலைக்குக் காட்டு வழியே நடந்துபோகும் பெரியபாதையில், எருமேலியில் பேட்டை துள்ளி (வேடமிட்டு ஆடும் சடங்கு), பேரூர்த்தோட்டில் மீன்களுக்குப் பொரி போட்டு, காளைகட்டியில் கும்பிட்டுவிட்டு அழுதை ஆற்றங்கரையை அடையும்போது, பம்பை வரையிலான நடையில் ஏறக்குறைய பாதி தூரம் முடிந்திருக்கும். தூரத்தில்தான் பாதி. உழைப்பில் கால்வாசிகூட ஆகவில்லை. இதுவரை வந்ததில் பெரும்பகுதி ஊரும் தோட்டமும் ஒட்டிய வழி. அழுதை மலையும் கரிமலையும் இனிமேல்தான். முதல்முறை மாலை போட்டு வரும் கன்னிசாமிகள் பலர் இந்தக் கணக்குத் தெரியாமல் முதல் நாளே வேகமாக நடந்து காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அதனால் இரவு விரி (தங்கும் முகாம்) அழுதைக் கரையில் வைப்பதே நல்லது. யானை நடமாடும் காடு என்பதால், வனத்துறை பகலில் குறிப்பிட்ட நேரம் வரைதான் உள்ளே விடும். அந்த நேரம் சீசனுக்குச் சீசன் மாறும், காளைகட்டியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மதியத்துக்குமேல் வந்து சேர்ந்தால் மலையேற அவசரப்படாமல் அங்கேயே தங்கிவிடுங்கள். இருமுடியை வெறுந்தரையில் வைக்காமல், சுத்தமான துணி விரித்து எல்லோருடையதையும் ஒரே இடத்தில் வையுங்கள். வழிச்செலவுக்கான அரிசி, அவல், வெல்லம் எல்லாம் இருமுடியின் பின்பக்கப் பையான பின்முடியில்தானே இருக்கிறது? அதைச் சமைத்துத் தீர்க்க வேண்டிய இடம் இதுதான். பின்முடி இளைத்தால் மறுநாள் கழுத்து பிழைக்கும்.

மணிகண்டனான ஐயப்பன் வீசியெறிந்த அரக்கி மகிஷி வந்து விழுந்த இடம் அழுதை. அவள் வடித்த கண்ணீரே ஆறானது என்பது ஐதிகம். அவள் உடல் மீண்டும் வளர்ந்துவிடாதபடி மேலே கல்லைப் போட்டு அடக்கியதன் நினைவாகத்தான், ஆற்றில் மூழ்கிக் கல் எடுத்து மலை உச்சியில் கல்லிடும் குன்றில் போடுகிறோம். எலுமிச்சை அளவுக் கூழாங்கல் போதும். பெரிய கல் எடுத்தால் புண்ணியம் கூடும் என்று சாஸ்திரம் எதுவும் சொல்லவில்லை. வேட்டி முனையில் முடிந்துகொள்ளுங்கள். கையில் பிடித்தபடி ஏறினால், வழுக்கும்போது வேரைப் பற்ற ஒரு கை குறையும். ஆற்றுப் பாறைகளில் பாசி இருக்கும். ஒருவர் கையை ஒருவர் பிடித்து, இடுப்பளவு நீரோடு நின்றுவிடுங்கள்.

நனைந்த பாதத்தோடு உடனே ஏறக் கூடாது. நீரில் ஊறிய தோல் மிருதுவாகி, கூர்ங்கல் பட்டதும் கிழியும், கொப்புளமும் போடும். விரல் இடுக்கு வரை துடைத்து உலரவிட்டு அரைமணி கழித்துக் கிளம்புங்கள். வயிறு முட்டச் சாப்பிடாமல், கஞ்சியோ அவலோ போதும்.

அழுதை மலை ஏற்றம் தொடக்கத்திலிருந்தே செங்குத்து. குறுகிய அடி வைத்து, பாதம் முழுவதும் பதித்து ஏறுங்கள். நுனிக்காலில் ஏறினால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். சரணம் சொல்ல மூச்சு இருக்கிற வேகம்தான் சரியான வேகம். சரணம் நின்றுபோனால், குருசாமி குழுவையே நிறுத்திவிட வேண்டும். வியர்வை கொட்டும்போது வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் தசை பிடிக்கும். உப்புப் போட்ட எலுமிச்சை நீரோ, உப்பிட்ட கஞ்சித்தண்ணீரோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்லிடும் குன்றில் கல்லைப் போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கிவிடுங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அங்கே நிற்க இடம் குறைவு. அதன்பின் இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி. இடையில் வரும் இறக்கங்களை லேசாக எண்ண வேண்டாம். கார்த்திகையில் மழை பெய்திருந்தால் களிமண் வழுக்கும், அட்டையும் ஏறும். அட்டை கடித்தால் பிய்க்காமல் உப்பைத் தொட்டுவையுங்கள், தானே விழும். தை நெருங்கினால் சேற்றுக்குப் பதில் புழுதி. மூக்கை மறைக்க ஒரு துண்டு வேண்டும்.

கரிவலந்தோட்டில் கட்டாயம் உட்கார வேண்டும். அடுத்தது ஏழு தட்டு என்று சொல்லப்படும் கரிமலை. ஒரு தட்டு முடிந்து சமதளம்போல் தெரியும், அடுத்தது தொடங்கிவிடும். பலருக்கு முழங்கால் போவது அதன் இறக்கத்தில்தான். அங்கே ஓடி இறங்காமல், முட்டியைச் சற்றே மடக்கிப் பக்கவாட்டில் பாதம் வைத்து இறங்குங்கள். கீழே பெரியானைவட்டம், சிறியானைவட்டம் தாண்டினால் பம்பை.