ரெண்டு வாரம் கழிச்சு வாங்க

ஸ்கேன் அறைக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு வந்தவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பாள். நாள் தள்ளிப்போய், அப்புறம் ரத்தம் பட்டு வந்தவள் பெஞ்சின் ஓரத்தில் இருப்பாள். தொடைகளை இறுக்கிக்கொண்டு, முதுகைச் சாய்க்காமல், அசைந்தால் ஏதாவது நழுவிவிடும் என்பதுபோல.

திருப்பூரில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிப் பெண்கள். டெய்லர், செக்கிங், பேக்கிங் என்று ஏதோ ஒரு செக்‌ஷன். ஜெல் தடவுவதற்குள் அவர்களிடமிருந்து ஒரு கேள்வி வந்துவிடும். குழந்தை நல்லா இருக்கா என்பது அல்ல அது. "நான் என்னுங்க சிஸ்டர் தப்புப் பண்ணுனேன்?"

அவர்களே பதிலும் வைத்திருப்பார்கள். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தது. கம்பெனி பஸ் வேகத்தடையில் தூக்கிப் போட்டது. மாடிக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கியது. ஒருத்தி கல்யாண வீட்டில் சாப்பிட்ட இரண்டு துண்டு பப்பாளியைச் சொல்லி அழுதாள். இன்னொருத்திக்கு அவள் மாமியாரே காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்து அனுப்பியிருந்தார்: பக்கத்து வீட்டு இழவுக்குப் போனது.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் நாலில் ஒரு பெண்ணுக்கு ரத்தக்கசிவு வருகிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கரு தங்கிவிடுகிறது. தங்காமல் போவதில் பெரும்பகுதி, கரு உருவாகும்போதே குரோமோசோம் எண்ணிக்கை பிசகிப்போனது. அது சினைமுட்டையும் விந்தணுவும் சேர்ந்த நேரத்துத் தற்செயல். பஸ் தூக்கிப் போட்டபோது அது நடந்து பல வாரம் ஆகியிருக்கும். அதற்காகத் தொடர்ந்து நைட் ஷிப்ட் பார்ப்பதும் பண்டல் தூக்குவதும் கர்ப்பிணிக்கு நல்லது என்று சொல்ல வரவில்லை. நேற்றுத் தூக்கிய ஒரு குடத்துக்கும் இன்றைக்குப் பட்ட ரத்தத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் சொன்னால் தலையை ஆட்டுவார்கள். நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு எங்கள் சீட்டே அவர்களைக் கலவரப்படுத்தும். கரு உயிரோடிருந்து ரத்தம் மட்டும் படுகிற நிலைக்கு 'த்ரெட்டன்டு அபார்ஷன்' என்று எழுதுவது எங்கள் வழக்கம். ஒரு புருஷன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மனைவியைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர்கள் ஊரில் அபார்ஷன் என்றால் வேண்டாமென்று கலைப்பது. அன்றிலிருந்து சீட்டைக் கையில் கொடுக்கும்போதே, "இந்த வார்த்தைக்கு நீங்க நினைக்கிற அர்த்தம் இல்லைங்க" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

கெட்ட செய்தியைவிடச் சொல்லக் கஷ்டமானது, இன்னும் எதுவும் தெரியாது என்பது. உள் ஸ்கேனில் ஐந்து வாரத்தில் கருவைச் சுற்றியிருக்கும் நீர்ப்பை தெரியும். ஆறு வாரத்தையொட்டித் துடிப்பு தெரிய வேண்டும். ஆனால் மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறவளுக்குக் கணக்கு எட்டு வாரம் என்று காட்டும், கருவோ ஐந்தரை வாரத்தில் இருக்கும். கருவின் நீளம் ஏழு மில்லிமீட்டரைத் தொட்டும் துடிப்பு இல்லை, அல்லது பை இருபத்தைந்து மில்லிமீட்டர் ஆகியும் உள்ளே கரு இல்லை என்றால்தான் டாக்டர் முடிவாகச் சொல்வார். அதற்குக் கீழே என்றால் ஒரே வாக்கியம்தான்: "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

புதிதில் இதை நான் பஸ் டைம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2016-ல் எனக்கு ஏழாவது வாரம். நைட் டூட்டியில், விடிகாலை மூன்று மணிக்குப் பாத்ரூமில் பார்த்தேன், துரு நிறத்தில் ஒரு கறை. துரு நிறம் என்றால் பழைய ரத்தம், சிவப்பைவிடப் பயம் குறைவு என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அரைமணிக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்தேன். ஒண்ணுக்கு வராமலே போனேன். எனக்குத் தெரிந்த எந்த விஷயமும் அந்தக் கதவைத் திறக்கும்போது கூட வரவில்லை. என் மனசும் முந்தினநாள் வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளியதைத்தான் குற்றமாக எடுத்து வைத்தது. காலையில் டாக்டர் பார்த்தார், துடிப்பு இருந்தது. துடிப்பு தெரிந்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தங்கிவிடும். எனக்குத் தங்கவில்லை. பத்தாம் நாள் திரையில் அந்தச் சிமிட்டல் இல்லை.

மூன்று மாதம் முடிகிறவரை வெளியே சொல்லக் கூடாது என்பது வீட்டு வழக்கம். அதனால் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. வந்ததே தெரியாதவர்களிடம் போனதை எப்படிச் சொல்வது? மூன்று நாள் லீவு கேட்டு, காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். நாலாம் நாள் அதே அறையில் அதே பெஞ்சுக்குப் பெயர் கூப்பிட்டேன். அடுத்த முறையும் ஆறாம் வாரத்தில் ரத்தம் பட்டது. அந்த வாண்டு இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு வாரத்தில் என்ன செய்வது என்றும் சொல்லத் தொடங்கினேன். பேட் வையுங்கள், எத்தனை நனைகிறது என்று தெரியும். மணிக்கு இரண்டு பேட் முழுசாக நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் உடனே வாருங்கள். ஒரு பக்கமாகக் குத்தும் வலி, தோள்பட்டையில் வலி, மயக்கம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். கரு கர்ப்பப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து. ரத்த குரூப் நெகட்டிவ் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், ஆன்ட்டி-டி ஊசி தேவைப்படலாம்.

பெட் ரெஸ்ட் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. படுத்தே கிடப்பதால் கரு தங்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பீஸ் ரேட்டில் தைக்கிறவளுக்குப் படுக்கை என்பது கூலி போவது. அப்படியும் படுக்கச் சொல்லாமல் அனுப்பினால் எங்களைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரானை இங்கே மருந்தாகக் கேட்டே வாங்குகிறார்கள். பிரிட்டனில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே கரு கலைந்து, இந்த முறையும் ரத்தம் படுகிறவர்களுக்குத்தான் அதனால் பலன் தெரிந்தது. எல்லோருக்கும் அல்ல.

போன வாரம் ஓவர்லாக் டெய்லர் ஒருத்தி வந்தாள். இரண்டாவது ஸ்கேன். பை வளரவே இல்லை. அழவில்லை. துடைத்துக்கொண்டு எழுந்து, "நாளைக்கு வேலைக்குப் போலாமுங்களா?" என்றாள். சட்டப்படி, கரு கலைந்தாலும் ஆறு வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு, சர்டிபிகேட் கொடுத்தால் போதும் என்றேன். வேலை செய்த நாள் கணக்கைப் பற்றியும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"சிஸ்டர், கம்பெனில யாருக்கும் தெரியாதுங்க" என்றாள். "காய்ச்சல்னு எழுதித் தர முடியுங்களா?"