செக்ரோலில் ஏறாத பதினெட்டாயிரம்

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் கட்டட வேலையில் நாலு வருடம் செக்ரோல் எழுதினேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், முழு நாளா அரை நாளா, ஓ.டி. எவ்வளவு, இடையில் வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு என்று குறித்துவைத்து, சனிக்கிழமை பின்னேரம் உறையில் காசு போட்டுக் கொடுப்பது வேலை. எட்டரைக்குப் பிறகு வந்தால் கால் நாள் வெட்டு. வேதாகமத்தில் மத்தேயு 20 ஆம் அதிகாரத்தில், பதினோராம் மணி வேளையில் வந்தவனுக்கும் விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்தாரே ஒரு திராட்சத் தோட்டக்காரர், அவரிடம் செக்ரோல் எழுதியவன் என்ன பாடு பட்டிருப்பான் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

நாங்கள் திருகோணமலையில் மூன்று தலைமுறையாக மெதடிஸ்தர். எபேசியர் 2:8–9 ஞாயிறு பாடசாலையிலேயே மனப்பாடம்: “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல.” ஒரே மூச்சில் ஒப்புவித்ததற்கு எனக்கு ஒரு பென்சில் பெட்டி பரிசு தந்தார்கள். கிரியையினால், அதாவது நாம் செய்யும் நற்செயலினால், அல்ல என்று சொன்னதற்குப் பரிசு! அதிலுள்ள பகிடி அந்த வயதில் விளங்கவில்லை.

2013 மாரியில் ஒரு சனிக்கிழமை. மழை கொட்டுகிறது, ஜெனரேட்டர் நின்றுவிட்டது, பெடியன்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று அவசரப்படுத்துகிறார்கள். டோர்ச் வெளிச்சத்தில் காசு எண்ணினேன். வங்கியில் இருந்து வந்த புது ஆயிரம் ரூபா நோட்டுகள், ஈரக்கைக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எல்லோரும் போன பிறகு கணக்குப் பார்த்தால் பதினெட்டாயிரம் குறைகிறது. திங்கட்கிழமை ஒருவர்கூடக் கூடுதலாக வந்தது என்று திருப்பித் தரவில்லை.

கொந்தராத்துக்காரர் வெள்ளி தவறாமல் கோணேசர் கோயிலுக்குப் போகிற மனிதர். என் சம்பளத்தில் மாதம் மூவாயிரம்படி வெட்டச் சொல்லிக் கேட்டேன். புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். “போனது போகட்டும் தம்பி. உம்மட பேரில எழுதாதையும்.” அவ்வளவுதான். தேநீர் வரச் சொன்னார்.

எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும், வந்ததோ ஒருவித எரிச்சல். அடுத்த இரண்டு மாதம் ஆராதனை முடிந்த கையோடு ஞாயிற்றுக்கிழமையும் வேலைத்தளத்துக்குப் போய், சீமெந்துப் பை எண்ணினேன், பழைய பில்களை அடுக்கினேன். ஓ.டி. போடவில்லை. ஒருநாள் அவர் வந்து பார்த்துவிட்டு, “என்ன, வட்டியோட கட்டப் பாக்கிறீரோ?” என்றார். முகம் சுட்டது.

அன்றைக்குத்தான் அந்த வசனத்தின் நடுவில் நான் மூச்சு விடாமல் தாண்டிப்போன துண்டு கண்ணில் பட்டது. ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு. கடன் எனக்குப் பாரமாக இருக்கவில்லை. ‘நான் கட்டி முடித்தேன்’ என்று சொல்ல முடியாமற் போனதுதான் பாரம்.

எங்கள் சபைக்கு மூலவரான ஜோன் வெஸ்லிக்கும் இதே வியாதி இருந்தது. ஒக்ஸ்போர்டில் உபவாசம், சிறைச்சாலைச் சந்திப்பு, போதாக்குறைக்கு மணிக்கு மணி தன் நடத்தையைக் குறித்துவைத்த நாட்குறிப்பு. அதுவும் ஒரு செக்ரோல்தானே. அமெரிக்காவில் ஜோர்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் போய்த் தோற்றுத் திரும்பினார். 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் வீதியில் ஒரு சிறு கூட்டத்தில், பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு ஜெர்மன் சீர்திருத்தவாதி லூதர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டபோதுதான், இரட்சிப்புக்குக் கிறிஸ்துவை மட்டும் நம்புகிறேன் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. அப்போது அவர் குருவாகிப் பத்து வருடம். பத்து வருடப் பிரசங்கிக்கே அப்படியென்றால், பென்சில் பெட்டிக்காரன் எம்மாத்திரம்?

இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லப்போய் மாட்டிக்கொண்டேன். கிண்ணியா மேசன் நானா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்: “நல்லது செஞ்சாலும் செய்யாட்டியும் ஒண்டுதானெண்டா, ஆரு தம்பி செய்வான்?” நியாயமான கேள்வி. பவுலே அதை எதிர்பார்த்து ரோமர் 6 இல் எடுத்துப் பேசுகிறார். ஸ்டோர் பார்த்த கத்தோலிக்க அண்ணை உடனே யாக்கோபின் நிருபத்தைத் தூக்கினார்: கிரியையில்லாத விசுவாசம் செத்தது. ரோமர் 3:28 இல் ‘விசுவாசத்தினால்’ என்பதோடு, மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்ற சொல்லை லூதர் 1522 இல் தன் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் சேர்த்ததையும் விடவில்லை. இத்தனைக்கும் நீதிமானாக்கப்படுதல், அதாவது மனிதன் தேவனுக்கு முன் நீதிமானாக ஏற்கப்படுவது, பற்றி 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பூர்க்கில் கத்தோலிக்கரும் லூதரன்காரரும் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். 2006 இல் எங்கள் மெதடிஸ்தரும் சேர்ந்தாயிற்று. எங்கள் மத்தியானச் சண்டைக்கு அதெல்லாம் தடையாக இருக்கவில்லை.

நானாவுக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. ஆனால் ஞாயிறு வேலையை நிறுத்தினேன். அதற்குப் பிறகு நோட்டை எண்ணும்போது கை நடுங்குவதும் நின்றது.

தை மாதத்தில் மூதூர்ப் பெடியன் ஒருவன், கையாள் வேலைக்காரன், வெள்ளத்தில் பஸ் கிடைக்காமல் ஒன்பதே காலுக்கு வந்தான். முழு நாள் போட மனம் சொல்லியது. போட்டால் போவது கொந்தராத்துக்காரரின் காசு. அடுத்தவர் காசில் தாராளம் காட்டுவதா? புத்தகத்தில் கால் நாளை வெட்டினேன். சனிக்கிழமை அவனுடைய உறையில் என் பொக்கற்றிலிருந்து இருநூற்றைம்பது ரூபாவைச் சேர்த்து வைத்தேன். இதுவும் வட்டிதானோ என்று ஒரு சந்தேகம் இருந்தது.

வாசலுக்குப் போனவன் திரும்பி வந்தான். “அண்ணை, கூடக் கிடக்கு.”

“இருக்கட்டும்.”

“எதுக்கு?”

அவன் காசை நீட்டிக்கொண்டே நின்றான், முகத்தில் சந்தோசம் இல்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். நான் அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.