கதி பாதி, ஆர்முடுகல் கால்: டிக்கர் நாடாவோடு ஒரு மல்லுக்கட்டு

டிக்கர் என்பது, வண்டியின் பின்னால் இழுபடும் காகித நாடாவில் காபன் தாளினூடே ஊசியொன்று சம நேரத்துக்கு ஒரு புள்ளி குத்தும் கருவி. புள்ளிகளின் இடைவெளியை அளந்தால் கதி தெரியும். வண்டி உருளும் பலகை 120 செ.மீ நீளம், ஒரு முனை 14 செ.மீ உயரத்தில். உராய்வைக் கழித்தால் வண்டியின் ஆர்முடுகல் (கதி கூடும் வீதம்) 0.9 மீ/செக்² பக்கம் வரவேண்டும். நாடாவை வெட்டி அளந்தால் 0.22. மூன்று தரம் ஓடவிட்டும் அதே 0.22. உராய்வுதான் காரணமென்றால் எண் கொஞ்சமாவது மேலும் கீழும் ஆடியிருக்கும். இப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிற பிழைக்குக் கடிகாரத்தைத்தான் பிடிக்கவேண்டும்.

பிடித்தாயிற்று. நிறுத்தற் கடிகாரத்தில் வண்டி ஒரு மீற்றர் உருள எடுத்தது 1.5 செக்கன். அதே ஒரு மீற்றர் நாடாவில் 149 புள்ளி. புள்ளிக்கு 0.02 செக்கன் என்று போட்டால் 3 செக்கன் வருகிறது! ஊசி செக்கனுக்கு 50 தரம் அல்ல, 100 தரம் குத்தியிருக்கிறது. நேரத்தை இரட்டிப்பாக எடுத்ததால் கதி பாதியானது. ஆர்முடுகலில் நேரம் இரண்டு தரம் வகுக்கிறது, அதனால் அது காலானது. செக்கனின் தலையில் ஏன் அந்த 2 என்று பத்தாம் தரப் பிள்ளை கேட்டால், பிழைத்துப்போன இந்த நாடாவையே காட்டலாம்.

இனி அந்த ஊசிக்கு வருவோம், முழு வில்லங்கமும் அதில்தான். அதிர்வது ஒரு ஹெக்ஸோ பிளேட் (இரும்பு அறுக்கும் வாளின் அலகு). அடியில் பழைய அழைப்புமணிச் சுருள், 12 வோல்ற்று ஆடலோட்டம் (ஏ.சி.). நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்தான், ஆனால் மின்காந்தம் வடக்கானாலும் தெற்கானாலும் வெறும் இரும்பை இழுக்கத்தான் செய்யும். ஒரு சுற்றுக்கு இரண்டு இழுப்பு, ஆக 100. போதாததற்கு பிளேட்டின் வெளியே நீட்டிய பகுதி 7 செ.மீ. 0.63 மி.மீ தடிப்புள்ள பிளேட்டுக்கு அந்த நீளத்தின் இயற்கை மீடிறனும் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) 100ஐ ஒட்டித்தான் வரும். கேட்கவேண்டுமா, குஷியாக ஆடியிருக்கிறது.

திருத்தம் இரண்டு. ஒரு சின்ன நியோடிமியம் காந்தத்தைச் சுருளின் இரும்பு மையத்துக்கு அடியில் ஒட்டவேண்டும். அப்போது ஒரு அரைச்சுற்றில் இழுப்பு கூடும், மற்றதில் குறையும், சுற்றுக்கு ஒரு குத்துத்தான். அடுத்தது நீட்டுப்பகுதி. கணக்குப்படி 10 செ.மீ, நுனியில் ஊசியின் பாரம் இருப்பதால் 9.5இல் நன்றாக ஆடுகிறது. பிடிமரையை இளக்கி இரண்டு மி.மீ முன்பின் நகர்த்தினால் ஆட்டம் திடீரென்று அகலமாகும் இடம் தெரியும். அங்கேயே இறுக்கிவிடுங்கள். காந்தம் பெரிதாகிவிட்டால் பிளேட் மையத்தில் ஒட்டிக்கொண்டு அசையவே அசையாது.

சத்தத்தை வைத்து மீடிறனைக் கண்டுபிடிக்கப் போகாதீர்கள். சுருளும் மையமும் எப்படியும் 100இல் உறுமும், போன் செயலி அதைத்தான் பிடிக்கும். நாடாவை மூன்று செக்கன் கையால் இழுத்துப் புள்ளிகளை எண்ணுவதே நம்பகமானது. 150ஐ ஒட்டி வந்தால் சரி, 300 என்றால் மறுபடியும் காந்தத்தைப் பாருங்கள்.

ட்ரான்ஸ்ஃபோமர் விஷயத்தில் ஒரு புலம்பல். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் ‘12 வோல்ற்று’ என்று மட்டும் கேட்டால் அடப்டரைத்தான் நீட்டுவார்கள். அது நேரோட்டம் (டி.சி.). பிளேட் ஒரேயொரு தரம் ‘டக்’ என்று ஒட்டும், அவ்வளவுதான். இரும்பு மையம் வைத்த 12-0-12 என்று கேளுங்கள், நடுக்கம்பியும் ஒரு ஓரக்கம்பியும் போதும். 230 வோல்ற்றுப் பக்கத்தை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். ஜெனரேட்டரில் ஓட்டவேண்டாம், சுமை மாறினால் மீடிறனும் ஆடும்.

வண்டிச் சில்லுக்கு 608 பேரிங் நான்கு, பஞ்சிகாவத்தையில் வாங்கலாம். உள்ளே கிறீஸ் அப்பியிருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி ஒரு துளி தையல்மெஷின் எண்ணெய். நாடாவுக்கு பில் ரோலை 1 செ.மீ அகலத்தில் கீறிக்கொள்ளலாம். வழுவழுப்பான வெப்பத்தாளில் காபன் சரியாகப் பிடிக்காது, சாதாரணத் தாள் ரோலே நல்லது. காபன் வட்டத்தை நடுவில் ட்ராயிங் பின்னால் தளர்வாகக் குத்துங்கள், நாடா ஓடும்போது அது சுழலவேண்டும். இறுக்கினால் ஒரே இடத்தில் ஓட்டை விழுந்து புள்ளி மங்கும். புள்ளி இரட்டையாக விழுந்தால் ஊசி துள்ளுகிறது என்று அர்த்தம், உயரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஊசி இரண்டே வாரத்தில் துரு.

உராய்வு ஈடு, அதாவது உராய்வைச் சமன்செய்யும் அளவுக்குப் பலகையைச் சரிப்பது: நாடாவையும் பூட்டியே வண்டியைத் தட்டிவிடுங்கள், நாடாவின் இழுவையும் கணக்கில் சேரவேண்டும். புள்ளிகள் சம இடைவெளியில் விழுந்தது 3 செ.மீ உயரத்தில். ஆக மிச்சம் 11 செ.மீ. புவியீர்ப்பு ஆர்முடுகல் இங்கே 9.78: 11/120 × 9.78 = 0.9.

திருத்திய பின் முதல் ஓட்டம். தொடக்கத்தில் குவிந்து கிடக்கும் புள்ளிகளை விட்டுவிட்டு, தெளிவான புள்ளியிலிருந்து ஐந்து இடைவெளிக்கு ஒரு துண்டு, அதாவது 0.1 செக்கன். துண்டுகள் 2.1, 3.0, 3.9, 4.7, 5.7 செ.மீ. சராசரிக் கதி 21இலிருந்து 57 செ.மீ/செக். வித்தியாசம் 36. இதை 0.5ஆல் வகுக்கிறவர்கள்தான் அதிகம், 72 வரும். துண்டு ஐந்து, ஆனால் முதல் துண்டின் நடுவிலிருந்து கடைசித் துண்டின் நடுவுக்கு 0.4 செக்கன்தான். 36/0.4 = 90 செ.மீ/செக்², அதாவது 0.9. பக்கத்துப் பக்கத்துத் துண்டைக் கழித்து ஆர்முடுகல் எடுக்கவேண்டாம். அரை மி.மீ பிழைகூட அங்கே பெரிதாகத் தெரியும், 4.7ஐப் பார்த்தாலே விளங்கும்.

ஒரு குறை மட்டும் தீராது. நாடாவுக்குத் திசை தெரியாது. வண்டியை மேல்நோக்கித் தள்ளினால் போகும்வரை குத்தும், திரும்பி வரும்போது நாடா சுருண்டு கசங்கும். ஆகவே இதில் கிடைப்பது கதி, திசையும் சேர்ந்த வேகம் என்று சொல்ல + அல்லது − நாமே போடவேண்டும். உச்சியில் வேகம் பூச்சியமாகிறது, ஆர்முடுகலோ, உராய்வை விட்டுவிட்டால், அப்போதும் சரிவின் கீழ்நோக்கி அதே அளவு. அதைக் காட்ட போனின் செக்கனுக்கு 240 பிரேம் வீடியோதான் சரி, பலகையில் அளவுகோல் ஒட்டத் தொடங்கியாயிற்று.

அதற்கு முன் 200 கிராம் படிக்கல்லை நாடாவோடு நேரே விழவிட்டுப் பார்க்கவேண்டும். அடுத்தடுத்த புள்ளி இடைவெளிகள் 0.39 செ.மீ வீதம் கூடினால் 9.78 கிடைத்த மாதிரி. நாடாவின் இழுவையால் குறைவாகத்தான் வரும். 500 கிராம் கல்லில் அந்தக் குறைவு சுருங்குகிறதா என்பதுதான் அடுத்த பார்வை. காபன் வட்டமும் முடிந்துவிட்டது, மலிபன் வீதிக்கு ஒரு நடை போகவேண்டும்.