ஆட்டம் நின்ற பிறகே உயரம்

நான் வாங்கிய பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு முந்தைய உரிமையாளர் செய்திருந்த ஒரே மேம்பாடு, பளபளப்பான ஒரு ஸ்டியரிங் டேம்பர், அதாவது ஸ்டியரிங்கின் அதிர்வைத் தணிக்கும் ஒரு ஷாக் அப்சார்பர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சாலையின் சிறு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறினால் போதும், ஸ்டியரிங் வளையம் இரு கைகளையும் உதறிவிடுவதுபோல ஆடத் தொடங்கும். வேகத்தை 20-க்குக் கீழே கொண்டுவந்தால்தான் அடங்கும். இந்த ஆட்டத்தை மறைப்பதற்காகவே அந்த டேம்பர் மாட்டப்பட்டிருக்கிறது என்பதை வாங்கிய முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டேன்.

முப்பது ஆண்டுகளைத் தாண்டிய வண்டி அது. ஏணி வடிவ சேசிஸ், முன்னும் பின்னும் ஒரே துண்டாக அமைந்த அச்சு ஹவுசிங், நான்கு மூலைகளிலும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள், கார்புரேட்டர் வைத்த சிறிய பெட்ரோல் இஞ்சின், வேண்டும்போது மட்டும் முன்சக்கரங்களையும் இழுவையில் சேர்க்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று எல்லாமே எளிமையானவை. பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் வின்ச் என்று எனக்கும் ஒரு பட்டியல் இருந்தது. ஆனால் தேய்ந்த பாகங்களின்மேல் புதிய பாகங்களை ஏற்றினால், தேய்மானம் வேகமெடுக்குமே தவிர மறையாது. பெரிய டயரின் கூடுதல் எடையும் நெம்பும் விசையும் முதலில் போய்ச் சேருவது ஏற்கெனவே தளர்ந்திருக்கும் பேரிங்குகளிடம்தான். ஆகவே முதல் ஓராண்டு பழுதுபார்ப்பதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். அந்த முடிவைக் காப்பாற்றியது எனக்கே வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆட்டத்தின் மூலத்தைத் தேடியதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, டயரின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் பிடித்து மாறி மாறித் தள்ளிப் பார்த்தபோது மெல்லிய ‘டக்’ ஓசை கேட்டது. உடனிருந்த நண்பரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டினேன். ஓசை அப்படியே இருந்தது. பிரேக் பிடித்திருக்கும்போது சக்கரமும், அதைத் தாங்கி ஸ்டியரிங்கோடு திரும்பும் நக்கிளும் ஒன்றாக இறுகிவிடுவதால், ஹப் பேரிங்கில் தளர்வு இருந்திருந்தால் அது அப்போது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் தளர்வு அதற்கும் உள்ளே, நக்கிள் திரும்புவதற்கு ஆதாரமான கிங் பின் பேரிங்கில் இருக்கிறது என்று பொருள்.

பிரித்துப் பார்த்தேன். மேல் பேரிங் சுமாராக இருந்தது. கீழ் பேரிங்கில் கிரீஸ் என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. துருவும் நீரும் குழைந்த செம்பழுப்புச் சேறுதான் இருந்தது. வெளிவளையத்தைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பியபோது, ரோலர்கள் உட்கார்ந்த இடங்களிலெல்லாம் வரிவரியாகக் குழிந்திருந்தது. நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு வரியிலும் தட்டியது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் இந்த ரோலர்கள் உருள்வதே இல்லை; ஒரே இடத்தில் நின்றபடி முப்பது ஆண்டு அதிர்ச்சியை வாங்கி, வளையத்தில் தங்கள் அச்சைப் பதித்துவிடுகின்றன. பேரிங்கைப் பூட்டும்போதே தரும் முன்னிறுக்கம் போய்விட்டால், நக்கிளைத் தன்னிச்சையாக ஆடவிடாமல் தடுக்கும் உராய்வும் போய்விடுகிறது.

நான்கு பேரிங்குகளையும் ஆயில் சீல்களையும் மாற்றினேன். இறுக்கத்தைக் கணக்கிட ஒரு ஸ்பிரிங் தராசு போதும். இரு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் டை ராடு சேரும் துளையில் அதன் கொக்கியை மாட்டி இழுத்து, நக்கிள் அசையத் தொடங்கும்போது முள் காட்டும் எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது பழுதுபார்ப்புக் கையேட்டில் தந்திருக்கும் வரம்புக்குக் குறைவாக இருந்தால், மெல்லிய ஷிம் தகடு ஒன்றை எடுத்துவிட்டு மீண்டும் பூட்டி மீண்டும் இழுக்க வேண்டும். சீலை மாட்டிய பிறகு இழுத்தால் சீலின் உராய்வும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதை முதல் பக்கத்தை முழுவதும் பூட்டி முடித்த பிறகே உணர்ந்து, திரும்பப் பிரித்தேன். வேலை முடிந்த அன்று டேம்பரைக் கழற்றி வைத்துவிட்டு அதே பள்ளத்தில் அதே வேகத்தில் ஓட்டினேன். ஸ்டியரிங் அசையவில்லை.

அடுத்தது துரு. சேசிஸைச் சிறு சுத்தியலால் ஓரடிக்கு ஓரிடம் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்துப்போன இடம் மொத்தென்று ஒலிக்கும். லீஃப் ஸ்பிரிங் பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள்களைப் பின்புறத்தில் மாட்டும் தாங்கிகளுக்கு அருகிலும், பெட்ரோல் டாங்கிக்கு மேலே சேறு தேங்கும் மடிப்பிலும் மொத்தென்றது. ஸ்குரூ டிரைவரை அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. அரித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, இரு முனைகளும் கூம்பிய வைர வடிவத் தகட்டை வைத்து வெல்டிங் செய்தோம். தகட்டின் முனையைச் செங்குத்தாக வெட்டி நேர்கோட்டில் பற்றவைத்தால், சேசிஸ் முறுக்கும்போது அந்தக் கோட்டை ஒட்டியே விரிசல் தொடங்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும் என்பதையும், டாங்கி இருந்த இடத்துக்கு அருகில் வேலை செய்யும்போது டாங்கியை முழுவதுமாக இறக்கி அப்புறப்படுத்த வேண்டும் என்பதையும் யாரும் எனக்கு நினைவூட்டத் தேவையிருக்கவில்லை. இறுதியில் சேசிஸின் உட்புறம் முழுவதும் மெழுகுப் பூச்சைக் குழாய்வழியே பீய்ச்சினோம். வெளியே எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் துரு உள்ளிருந்துதான் வருகிறது.

நானே வரவழைத்துக்கொண்ட தொல்லை ஒன்றும் உண்டு. பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ்களை, அதாவது இரு முனைகளிலும் உள்ள சிலுவை வடிவ மூட்டுகளை மாற்றியபோது, நீண்டு சுருங்கும், பற்கள் கொண்ட ஸ்பிளைன் பகுதியைக் குறியிடாமல் உருவிவிட்டேன். சாய்வான கோணத்தில் சுழலும் ஒவ்வொரு கிராஸும் ஒரு சுற்றுக்கு இருமுறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். கிராஸ்களைப் பிடித்திருக்கும் இரு முனைகளின் நுகங்களும் ஒரே தளத்தில் இருந்தால்தான் முதலாவது செய்யும் ஏற்ற இறக்கத்தை இரண்டாவது சரிசெய்யும். நான் சில பற்கள் தள்ளிச் செருகியிருந்தேன். 40 கிலோமீட்டரைத் தாண்டியதும் இருக்கைக்கு அடியிலிருந்து வந்த அதிர்வுக்கு டயர், இஞ்சின் மவுண்டிங், பினியன் பேரிங் என்று எல்லாவற்றையும் சந்தேகித்தபின், மூன்றாம் நாள் கீழே படுத்துப் பார்த்தபோதுதான் கோணல் கண்ணில் பட்டது. உருவுவதற்கு முன் ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தால் அந்த மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

அச்சின் நடுவே இருந்து இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் முன் டிஃபரன்ஷியலில் இருந்த ஆயில் பால் நிறத்தில் வடிந்தது. அதாவது நீர் புகுந்திருந்தது. ஓடிச் சூடேறிய ஹவுசிங் குளிர்ந்த நீரோடையில் மூழ்கியவுடன் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காற்று வந்துபோகும் சிறு துளையான பிரீதர் வழியாகவும் தேய்ந்த சீல்களின் வழியாகவும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிரீதர்களில் ரப்பர் குழாய் மாட்டி, இஞ்சின் பேனட்டின் அடிவரை உயர்த்தினேன். செலவு மிகக் குறைவு. இந்த வண்டியில் செய்த வேலைகளிலேயே பலன் விகிதம் மிக அதிகம் என்று இதைத்தான் சொல்வேன். இரு டிஃபரன்ஷியல்களுக்கும் 80டபிள்யூ-90 தடிமன் கொண்ட ஜிஎல்-5 தர கியர் ஆயிலை ஊற்றினேன். கியர் பாக்ஸுக்கு அதை ஊற்றவில்லை. ஜிஎல்-5 ஆயில்கள் பலவற்றிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் கியர் மாற்றத்தைச் சீராக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும் என்பதால் அங்கே ஜிஎல்-4 தான்.

பிரேக் ஆயில், பிரேக் ஹோஸ்கள், ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன் பெல்ட் ஆகியவற்றை யோசிக்காமல் மாற்றினேன். அவற்றைப் பற்றி எழுதச் சுவையாக எதுவும் இல்லை.

இனி மேம்பாடு. வண்டியை நான்கு அங்குலம் உயர்த்திவிட்டால் எல்லாப் பாறைகளையும் தாண்டலாம் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. ஒரே துண்டாக அமைந்த அச்சு ஹவுசிங் கொண்ட வண்டியில் மிகத் தாழ்வாகத் தொங்குவது டிஃபரன்ஷியலின் வயிறு. சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் உயர்வது சேசிஸும் பாடியும்தான். டிஃபரன்ஷியல் டயரின் ஆரம் கூடும் அளவுக்கு மட்டுமே உயரும். என் வண்டியின் பழைய 195/80 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 693 மில்லிமீட்டர். நான் மாட்டிய 235/75 ஆர் 15 டயரின் விட்டம் 733 மில்லிமீட்டர். ஆக, இந்தக் கூத்தெல்லாம் சேர்ந்து டிஃபரன்ஷியலுக்கு அடியில் எனக்குப் பெற்றுத் தந்தது 20 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-க்கு மேல் ஓடுகிறது என்பது உபரி.

அந்த டயர் மட்கார்டில் உரசாமலிருக்கத் தேவையான இரண்டு அங்குல உயரத்தோடு நிறுத்திக்கொண்டேன். நீளமான ஷேக்கிள்களை மாட்டி உயர்த்துவது மலிவு. ஆனால் அது பட்டையின் ஒரு முனையை மட்டும் நகர்த்துவதால் அச்சு சுழன்று, முன்புறத்தில் கிங் பின்னின் சாய்வான கேஸ்டர் கோணமும், புரொபெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பினியனின் கோணமும் மாறிவிடுகின்றன. வளைவு கூடிய புதிய பட்டை செட்டையே போட்டேன். பூட்டி முடித்ததும் சேசிஸைத் தாங்கிகளில் நிறுத்தி, அச்சுகளை முழுவதும் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, பிரேக் ஹோஸ்கள் இழுபடுகின்றனவா என்று பார்த்தேன். முன் இடது ஹோஸ் வீணைத் தந்திபோல விறைத்து நின்றது. சமதரையில் நிற்கும் வண்டியை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்காது. நீளமான ஹோஸ்கள் வந்து சேரும்வரை வண்டி நகரவில்லை.

உண்மையில் வண்டியின் குணத்தையே மாற்றியது டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர். முதல் கியர் 3.65, டிரான்ஸ்ஃபர் லோ 2.27, அச்சு 3.73, மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 31 வரும். அதாவது சக்கரம் ஒருமுறை சுழல, இஞ்சின் 31 முறை சுழல வேண்டும். 1000 ஆர்பிஎம்மில் பழைய டயரோடு இது மணிக்குச் சுமார் 4 கிலோமீட்டர். பெரிய டயரோடு அதைவிடச் சற்றுக் கூடுதல். நடக்கும் வேகம்தானே என்று தோன்றலாம். முழங்கால் உயரக் கல்லின்மேல் சக்கரத்தை வைக்கும்போது அது மிக அதிகமான வேகம்; கிளட்சைப் பாதி மிதித்துத் தேய்த்துக்கொண்டே ஏற வேண்டிவரும், வண்டி துள்ளும், துள்ளும்போதுதான் ஆக்சில் ஷாஃப்ட் முறியும். லோ பற்சக்கரங்களை 4.16 விகிதத்துக்கு மாற்றியபோது பெருக்குத்தொகை 56-க்கு மேல் போயிற்று. அதே 1000 ஆர்பிஎம்மில் இப்போது வேகம் மணிக்கு 2.4 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பெடல்களிலிருந்து இரு கால்களையும் எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை மட்டும் கவனித்துக் கற்களின்மேல் ஏற்றலாம். இறக்கத்தில் பிரேக்கைத் தொடவே தேவையில்லை.

டயர் காற்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சாலையில் 26 பிஎஸ்ஐ வைத்திருக்கும் இந்த இலகுவான வண்டிக்குக் கற்பாதையில் 16 போதும். காற்றைக் குறைக்கும்போது டயரின் தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் கூடுதலாக விரிகிறது. கல்லை அப்படியே கவ்விக்கொள்கிறது. மிகவும் குறைத்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். வேகமாக ஓட்டக் கூடாது, சாலைக்குத் திரும்பியதும் காற்றை நிரப்பிவிட வேண்டும். ஒரு காசு செலவில்லாத இந்த மேம்பாட்டைச் செய்யாமல் வின்ச்சுக்கு விலை விசாரிப்பவர்களைக் காணும்போது சிரிப்பு வரும், நானும் விசாரித்தவன்தான்.

இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கரை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒன்று அந்தரத்தில் நின்றால் மற்றதற்கும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. லாக்கர் அதைத் தீர்க்கும். ஆனால் இழுவை முழுவதும் ஒரே ஆக்சில் ஷாஃப்டின்மேல் விழும் வாய்ப்பையும் அது கொண்டுவரும். முப்பது வயது ஷாஃப்டுகளை நான் அவ்வளவு நம்பவில்லை.

தள்ளிவைக்காதது மீட்புக் கொக்கிகளை. முன்னும் பின்னும் சேசிஸோடு சேர்த்து, தாங்கும் சுமை பொறிக்கப்பட்ட கொக்கிகளை 10.9 என்ற உயர் வலிமைத் தர போல்ட்டுகளால் பூட்டியிருக்கிறேன். டிரெய்லர் இழுக்கும் பந்தில் மீட்புப் பட்டையை மாட்டி யாராவது இழுக்கத் தொடங்கினால், நான் அங்கிருந்து வெகுதூரம் விலகிவிடுவேன். அது உடைந்தால் பீரங்கிக் குண்டுபோலப் பறக்கும், அதனால் உயிர்கள் போயிருக்கின்றன.

மிஞ்சியிருப்பது கார்புரேட்டர். செங்குத்தான ஏற்றத்தில் மிதவைக் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஒரு பக்கம் சாய்ந்து, கூடுதலாக வழிந்தோ ஜெட்டுக்கு எட்டாமலோ இஞ்சினை நிறுத்திவிடுகிறது. சென்ற முறை நடு ஏற்றத்தில், பெட்ரோல் வாடை மூக்கில் ஏற, இஞ்சின் இருமி நின்றது. கிளட்சை மிதித்திருந்தால் வண்டி பின்னோக்கி உருண்டிருக்கும். மிதிக்காமல், முதல் கியரில் லோ-விலேயே வைத்தபடி சாவியைத் திருப்பினேன். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் இயங்கும் என்ற தடை இந்த வண்டியில் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை ஒரு சாண், இரண்டு சாண் என்று மேலே தள்ளியது. மூன்றாவது சாணில் இஞ்சின் பற்றிக்கொண்டது, வண்டி நிற்காமல் ஏறிப் போயிற்று. பழைய 31 விகிதத்தில் ஸ்டார்ட்டரால் அதைச் செய்திருக்க முடியுமா என்பது ஐயமே. மிதவையின் மட்டத்தைச் சற்றே இறக்கி வைத்திருக்கிறேன். அடுத்த ஏற்றத்தில் பார்க்க வேண்டும்.